இன்னொரு தபா

அக்காவிடம் எதையும் ஒரு தடவை சொல்லி முடிக்க முடியாது. "திருக்கோவிலூர் பஸ் போயிடுச்சுக்கா" என்று நான் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு கடையை விட்டு இறங்கி, எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவிடம் போய், ஒன்றுமே தெரியாதவர் போல, "திருக்கோவிலூர் வண்டி இன்னும் வரலியாம்மா?" என்று கேட்பார். நானும் பூக்காரம்மாவும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பஸ் போனதாக அர்த்தம். இல்லையென்றால் அது இன்னும் கள்ளக்குறிச்சியில்தான் எங்கேயோ நிற்கிறது.

மதியச் சாப்பாட்டிலும் இதே கதைதான். குழம்பை ஒரு கரண்டி என் தட்டில் ஊற்றி, உப்பு எப்படி என்பார். "கம்மிக்கா." அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பக்கத்து உரக்கடைக்குப் போய் அவருடைய அண்ணனுக்கு ஒரு கரண்டி ஊற்றி அதே கேள்வியைக் கேட்பார். நான் சொன்னதை அவரிடம் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டுக் கேட்டால் அது கேள்வி இல்லையாம், ஜால்ராவாம். அண்ணன் ஒருநாள் கோபப்பட்டார். "ஏ பாப்பா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சோ அதான் எனக்கும். போ." அன்றைக்கு அந்தக் குழம்பில் கடைசிவரை யாரும் உப்பு போடவில்லை.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு முதலில் சேர்ந்த வேலை அது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அக்கா நடத்திய கடை. கடையில் இருந்தவை: நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் போடும் மிஷின், ஓடும் மின்விசிறி ஒன்று, ஓடாத மின்விசிறி ஒன்று, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இடப் பக்கம் அண்ணனின் உரக்கடை, பின்னால் ஒரு ரைஸ் மில். ஒரு பக்கத்திலிருந்து யூரியா வாசனையும் இன்னொரு பக்கத்திலிருந்து தவிட்டுத் தூசியும் வரும். நான் டைப் செய்த எந்த விண்ணப்பத்தையும் அக்கா மறுபடி ஒருமுறை வேறு யாரையாவது படிக்க வைப்பார். சேர்ந்த புதிதில் எனக்கு அது அவமானமாக இருந்தது.

"என்ன நம்பலியாக்கா?"

"உன்னயும் நம்பல, என்னயும் நம்பல. குடு."

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில்தான் இந்தக் குணத்தை ஊரே பார்க்கும். தெருமுனை வரை கூட்டம் நிற்கும். மற்றக் கடைகளில் நம்பரை அடித்து, திரையைப் பார்த்து, பாஸ், ஃபெயில் என்று கத்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கடையில் அக்கா ஒரு மிஷினில் அடிப்பார். ஹால் டிக்கெட் என் கைக்கு வரும், நான் அவர் திரையைப் பார்க்காமல் வேறொரு மிஷினில் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பார்.

"ஏம்மா, பக்கத்துக் கடைல டக்குனு சொல்றாங்க, நீங்க இன்னாத்துக்கு இம்மாம் நேரம் பாத்துக்கினு இருக்கீங்க?" என்று ஒரு வருடம் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

"டக்குனு வேணும்னா அங்கயே போங்க. தப்பயும் டக்குனு சொல்வாங்க."

கத்தியவர் போகவில்லை. அவர் பெண்ணுடைய நம்பரை ஏற்கெனவே பக்கத்துக் கடையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே ஃபெயில் என்றார்களாம். எங்கள் கடையில் இரண்டு திரையிலும் பாஸ் என்று வந்தது. அங்கே ஓர் எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுத்த ஹால் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார்.

இனி, எண்களைப் பற்றி.

கூட்டம் இல்லாத நேரத்தில் நான்கு மிஷின் திரையிலும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்துகள் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். அது பகா எண் தேடும் வேலை. தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று. அக்கா தேடியவை லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை. ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, அதை இரண்டால் திரும்பத் திரும்பப் பல லட்சம் தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள். அந்த வடிவத்தில் இருப்பவற்றைச் சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு. சிறிய எண்ணில் தொடங்கி, அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி மீதி பூஜ்யமாக வந்தால் அது பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை.

எப்போதும் வேறு ஏதாவதுதான் வரும்.

வெளிநாட்டில் ஒருவர் நடத்திய சிறு குழு அது. உலகம் முழுக்க ஆர்வத்துக்காகச் சேர்ந்தவர்கள். அவரவர் பங்குக்கு எண்களை வாங்கி, வீட்டு மிஷினில் ஓட்டி, கடைசி மீதியின் வால் பகுதியை, எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு குறிகளாக, அனுப்ப வேண்டும். பிறகு எப்போதாவது வேறொருவர் அதே எண்ணைத் தன் மிஷினில் ஓட்டிப் பார்ப்பார். முதல் ஆளின் விடை அவருக்குத் தெரியாது. இடையில் ஒரே ஒரு கணக்கு பிசகியிருந்தாலும் வால் மாறிவிடும். இரண்டு வாலும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணின் கதை முடிந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிய அக்கா இந்தக் குழுவில் சேர்ந்ததற்கு அந்த இரண்டாவது சோதனைதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் பஸ்ஸுக்கும் குழம்புக்கும் செய்ததை உலகத்தில் வேறு யாரோ சிலரும் செய்துகொண்டிருந்தார்கள்.

உரம் வாங்க வரும் கரும்பு விவசாயிகள் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு விடமாட்டார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"இன்னாம்மா ஓடிக்கினு இருக்குது?"

"நம்பருங்க."

"லாட்டரியா?"

"இல்லீங்க."

"ஷேர் மார்க்கெட்டு?"

"அதுவும் இல்லீங்க. பெரிய நம்பரு எதாலயாவது வகுபடுதான்னு பாக்குது."

"வகுபட்டா?"

"வேற நம்பரு பாக்கும்."

"வகுபடலன்னா?"

"சந்தோசப்படுவேன்."

பெரியவர் யோசித்தார். "இதால இன்னா யூசு?"

"ஒரு யூசும் இல்லீங்க."

பக்கத்துக் கடையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "நல்லா கேளுய்யா. நாளுக்குப் பாதி நேரம் கரண்டு இல்ல. இருக்கற நேரத்துல இவ அதப் புடிச்சி நம்பருக்கு ஊத்திக்கினு இருக்கா."

"நீ டிவி பாக்கற, நான் கேட்டனாண்ணா?" என்றார் அக்கா. யூசு என்று ஒரு காரணத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம். வங்கிப் பாதுகாப்பு, ராணுவ ரகசியம் என்று ஏதாவது சொன்னால் அந்தப் பெரியவர் மரியாதையோடு போயிருப்பார். நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. யூசு இருந்தால்தான் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்.

கோடை முடிந்து சில மாதங்கள் கழித்து அந்த மெயில் வந்தது. மரியாதையான மெயில். எங்கள் மிஷின் ஒன்றிலிருந்து வந்த விடைகளில் இரண்டை வேறொருவர் சோதித்ததில் இரண்டுமே பொருந்தவில்லை. ஆகவே சென்ற கோடை முழுவதும் அந்த மிஷின் தந்த விடைகள் எல்லாம் நீக்கப்படுகின்றன. ஆர்வத்துக்கு நன்றி. நான் படித்துச் சொன்னேன்.

"எத்தினி பாத்தானாம்?"

"ரெண்டுக்கா."

"எத்தினி தூக்கறான்?"

"எல்லாத்தயும்."

அக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தானே ஒருமுறை படித்தார். எனக்கு அந்த மெயிலில் பெரிய தப்பு தெரியவில்லை. சொல்லவும் செய்தேன். "ரெண்டு பாத்து ரெண்டும் தப்புன்னா மிஷின்ல கோளாறுன்னு நெனக்கறது நியாயம்தானக்கா."

"நெனக்கட்டும். நெனச்சா பாக்கணும். பாக்காம எப்டி தூக்குவான்?"

மீதியையும் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று பதில் எழுதினார். மறுசோதனைக்குப் போதுமான ஆட்கள் இல்லை, வருந்துகிறோம் என்று வந்தது. அக்கா அன்று சாயங்காலம் அந்த மிஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தவிட்டுத் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரர் வூட்லயும் இப்டித்தான். கொழந்த இல்லன்னு ஒரே ஒரு டெஸ்டு எடுத்தாங்க. எனக்கு மட்டும். எம்மேலதான் கொறன்னு எழுதிட்டாங்க. இன்னொரு எடத்துல பாக்கலாம், அவரும் வரட்டும்னேன். ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்டுன்னாங்க. நான் பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டேன்."

"அப்பறம் நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

"எதுக்கு? கொழந்தைக்காகவா கேட்டேன் நான்?" பிரஷ்ஷை மேசையில் தட்டினார். தூசி பறந்தது. "அந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர எடு."

மறுநாள் காரணங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: கூரைச் சூடு, தூசி, மெமரி, கரண்ட் ஏற்ற இறக்கம். புது மிஷின் ஒன்று வாங்கி அதில் ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அக்கா மறுத்தார். "புதுசுல போட்டு சரியா வந்தா புதுசு நல்லதுன்னுதான் அர்த்தம். பழி இதும்மேல. இதேதான் ஓடணும்." பிறகு தாளைப் பார்த்து, முதல் காரணத்தில் விரலை வைத்தார். "சூடுதான பிரச்சன? மலைக்கு எடுத்துக்கினு போறேன்."

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், அக்காவோடு கல்லூரியில் படித்த தோழி ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அவர் வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. மிஷினைக் கொண்டுபோகத்தான் வழி வேண்டியிருந்தது. லாரியில் போட்டால் குலுங்கும் என்று அக்கா சிபியு பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். மானிட்டர் என் மடியில். கச்சிராயபாளையம் தாண்டியதும் கண்டக்டர் எங்களிடம் வந்து நின்றார்.

"இன்னாம்மா அது, கொழந்தையா?"

"கம்ப்யூட்டருங்க."

"லக்கேஜ் போடணும்."

"மடிலதான வச்சிக்கினு இருக்கேன்?"

"மடில வச்சா லக்கேஜ் இல்லன்னு யார் சொன்னா?"

"அந்தம்மா மடில கோழி வச்சிக்கினு இருக்காங்க. அதுக்குப் போட்டீங்களா?"

"கோழி உசுரும்மா."

"இதுக்கும் ஒடம்பு சூடாவுதுன்னுதான் மலைக்கி இட்டுக்கினு போறேன்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கோழி வைத்திருந்த அம்மா எட்டிப் போர்வையைத் தொட்டுப் பார்த்து, "இப்ப சூடு இல்லியே" என்றார். கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டு, "கோழிக்கு?" என்றார். கரியாலூர் ஏற்றம் முழுக்க அந்தக் கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்பதே பேச்சாக இருந்தது. கடைசியில் கண்டக்டர் கோழிக்கும் ஒன்று கிழித்தார். அந்த அம்மா இறங்கும்வரை அக்காவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

மலையில் வெயில் இல்லை. ஆனால் வோல்டேஜும் இல்லை. மேசைக்குக் கீழே வைத்த ஸ்டெபிலைசர் ஓயாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மழை தூறினால் கரண்ட் போய்விடும். நல்லவேளையாக, அந்தப் புரோகிராம் அவ்வப்போது தான் வந்த இடத்தைச் சேமித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் ஆசிரியை சுவிட்சைப் போடுவார், அது விட்ட இடத்திலிருந்து தொடரும். நீக்கப்பட்ட எண்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மேலே போவார். சில வாரம் நானும் போவேன். ஒத்துப் பார்க்கும் முறை அக்கா வகுத்தது: மிஷின் சொல்லும் புது வாலை அவர் மேசையருகே உட்கார்ந்து பார்ப்பார். பழைய வாலை நான் வாசற்படியில் உட்கார்ந்து வைத்திருப்பேன். நான் முதலில் வாசிக்க வேண்டும். அவர் "சேந்துச்சு" என்பார். அல்லது பேசாமல் இருப்பார்.

பெரும்பாலும் சேர்ந்தன. குழு தப்பு என்று சொன்ன இரண்டும் சேரவில்லை. "இது ரெண்டும் தப்புதான். அவன் சொன்னது சரி" என்று அக்கா உடனே ஒத்துக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. மற்றவை ஒவ்வொன்றாகச் சேரச் சேரத்தான் அவர் குரல் ஏறியது.

ஒரு ஞாயிறு, மழை விட்ட பகல். நான் படியிலிருந்து அடுத்த எண்ணின் பழைய வாலை வாசித்து முடித்தேன். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

"சேரலியாக்கா?"

"நீ வந்து பாரு."

திரையில் வால் என்று எதுவும் இல்லை. பகா எண் என்று இருந்தது. கடைசி மீதி பூஜ்யம்.

ஆசிரியை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அடியே, கெடச்சிடுச்சாடி?" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தேன். அதே நேரத்தில், மேசைக்குக் கீழே ஸ்டெபிலைசர் அடிப்பதும் காதில் விழுந்தது. கெட்டுப்போன மிஷின் சொல்வதற்குச் சுலபமான விடை ஒன்று இருக்குமானால் அது பூஜ்யம். உள்ளே ஓரிடத்தில் எல்லாம் அழிந்துபோனாலும் பூஜ்யம்தான் மிஞ்சும். அதைச் சொல்லலாமா என்று தயங்கினேன்.

அக்காவே சொன்னார். "வோல்டேஜு கம்மியா இருந்து காலியாயிடுச்சோ என்னமோ. இன்னொரு தபா பாக்கணும்."

கீழே வந்ததும் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆசிரியை போன் செய்திருந்தார். இத்தனை வருடம் கரண்ட் பில்லைக் காட்டிப் பேசிய மனிதர் மறுநாள் காலையிலேயே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார். அங்கிருந்தவர் திரையில் எங்களுக்குக் காட்டிய படத்தில் 'உலக சாதனை படைத்த கள்ளக்குறிச்சியின் கணித மேதை' என்று இருந்தது. அக்காவின் படம் ஓரத்தில், ரேஷன் கார்டு அளவில். நடுவில் அண்ணன் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"மேதை நீயாண்ணா?" என்றார் அக்கா.

"வாழ்த்தறது நான்தான? பெருசாத்தான் இருக்கணும்."

"இத அடிக்கக் கூடாது."

"ஏன்? வந்துச்சுல்ல?"

"ஒரு தபாதான் வந்துச்சு."

அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, சொல்றதக் கேளு. அந்த மிஷினத்தான தப்பு சொல்ற மிஷினுன்னு எழுதிட்டான்? அதே மிஷினுன்னு சொல்லாத. நம்ம கடைல வேற மிஷினு இருக்குது, அதுல வந்துச்சுன்னு எழுது. இல்ல, நீயே மொதல்ல நல்லா ரெண்டு தபா பாத்துட்டு அனுப்பு. நாளைக்கி அதுவும் தப்புன்னா உன்ன மொத்தமா வெளிய தள்ளிடுவான். சிரிப்பாங்க."

அவர் சொன்னது உண்மை. ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருக்கும் மிஷின், போலியாக ஒரு பகா எண்ணைக் கொண்டுவந்து நீட்டினால் குழு அக்காவின் பெயரையே எடுத்துவிடும். அத்தனை வருட விடைகளும் போகும். கடையில் மீதியிருந்த பழைய மிஷின்களில் ஒன்றில் ஓட்டிப் பார்க்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும், அவ்வளவுதான். நானும் அதைத்தான் சொன்னேன்.

"நான் எத்தினி தபா பாத்தாலும் அது நான் பாத்ததுதான்டி" என்றார் அக்கா. "மீதியப் பாருன்னு கெஞ்சுனேன். ஆளு இல்லன்னான். இப்ப பூஜ்யம்னு சொல்றேன். பாக்காம இருக்கட்டும் பாப்போம்."

மெயிலை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். முதல் வரியே அதுதான்: நீங்கள் விலக்கிவைத்த அதே மிஷின் இதைச் சொல்கிறது. இடம் மாற்றி ஓட்டினேன். மின்சாரம் சரியில்லாத இடம். சென்ற கோடையில் இதே எண்ணுக்கு இதே மிஷின் வேறு விடை சொல்லியிருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று எனக்குத் தெரியாது. என்னை நம்ப வேண்டாம், சோதித்துச் சொல்லுங்கள். கோடையில் அனுப்பிய பழைய வாலை அவர் அதில் எழுதவில்லை. எழுதினால் சோதிப்பவர்கள் அதைப் பார்த்துவிடுவார்களாம்.

பதில் வரும்வரை அண்ணன் ஃப்ளெக்ஸ் கடைக்காரரை நாள் தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம் போல ஜெராக்ஸ் எடுத்தார், லேமினேஷன் போட்டார். ஒரு வித்தியாசம்தான். அந்த நாட்களில் பூக்காரம்மாவிடம் எதையும் போய்க் கேட்கவில்லை. நான் பஸ் போய்விட்டது என்றால், சரி என்று விட்டுவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்த்தேன்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தது. குழுவை நடத்துபவரே எழுதியிருந்தார். இரண்டு பேர், இரண்டு நாடுகளில், தனித்தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். உங்கள் எண் பகா எண் அல்ல. ஏமாற்றமாக இருக்கும், மிகவும் வருந்துகிறேன். இருவருக்கும் வந்த கடைசி மீதியின் வால் கீழே உள்ளது.

நான் அதற்கு மேல் படிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"வாலைப் படி" என்றார்.

"அக்கா..."

"இரு. படிக்காத. நான் பழச எடுத்துக்கறேன்." மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கோடையில் அனுப்பிய மெயிலை வேறொரு மிஷினில் திறந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இப்ப படி."

எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதி போனதும் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. கடைசி எழுத்தைச் சொல்லி முடித்தேன்.

"சேந்துச்சு" என்றார் அக்கா.

குளிர்ந்த மலையில் மிஷின் சொன்ன பூஜ்யம்தான் பொய். கோடையில், அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தவிட்டுத் தூசியை முழுங்கிக்கொண்டு அது சொன்னது உண்மை. குழு சோதிக்காமலே தூக்கிப் போட்டவற்றில் அதுவும் ஒன்று.

அக்கா படியிறங்கி உரக்கடைக்குப் போனார். அண்ணன் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எலவனாசூர்கோட்டைப் பெரியவரும் அன்றைக்கு இருந்தார்.

"அண்ணா, அந்த நம்பரு இல்லியாம். ஃப்ளெக்ஸ் வேணாம்னு சொல்லிடு."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"ஆனா மொதல்ல எம் மிஷினு சொன்னதுதான் சரியாம். வெயில்ல சொன்னது."

"அதுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கவா?"

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப நீ ஜெயிச்சியாம்மா, தோத்தியா?"

"நம்பரு போச்சுங்க. நான் போவல."

"சந்தோசந்தான?"

"ரொம்பங்க."

அன்று மதியமே அக்கா குழுவுக்குப் பதில் எழுதினார். வருத்தம் வேண்டாம். கோடையில் நான் அனுப்பியது சரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மற்றவற்றை எப்போது சோதிக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் வரச் சில நாட்கள் ஆயின. நீக்கியது அவசரம் என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கோடை விடைகளில் சோதிக்காத மற்றவை அனைத்தும் குழுவின் இணையப் பக்கத்தில் மறுபடி ஏறின. அவற்றின் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பதில் 'சோதிக்கப்பட வேண்டியது' என்று இருந்தது. யார் யார் சோதிக்கப் போகிறார்கள் என்ற பெயர்களும் இருந்தன. அக்கா அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சிலவற்றை உச்சரிக்கத் தெரியவில்லை, ஆனாலும் விடவில்லை.

அடுத்த ஞாயிறு மிஷினை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். அக்கா அதைப் பழைய மேசையில், பழைய இடத்தில், கூரை மிகவும் காயும் மூலையிலேயே வைத்தார். நான் ஒரு தொழில்நுட்பக்காரியாக என் கடமையைச் செய்தேன். அங்கே வைக்கக் கூடாது என்பதற்கு நான்கு காரணம் சொன்னேன். அங்கே இரண்டு விடை தப்பாகவும் வந்திருக்கிறது என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தேன்.

அக்கா ஐந்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தப்பு சொன்னா சொல்லட்டும்டி. பாக்கறதுக்குத்தான் ஆளு இருக்குதே" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.